ஆறு நாட்டை ஒரே நாளில் முடிக்கப்போகும் பயிற்சிக் குழுவுக்கு

பெறுநர்: நம் தொழில் சங்கத்தின் பயிற்சிக் குழுத் தலைவர், உறுப்பினர்கள், பெங்களூரு.

அனுப்புநர்: பீண்யா, பொம்மசந்திரா, ஜிகணி வட்டாரங்களில் உதிரிபாகப் பட்டறை நடத்துவோர், ஏற்றுமதி இறக்குமதி ஆவணம் பார்ப்போர், சுங்கத் தரகர்கள் ஆகிய தமிழ் உறுப்பினர்கள்.

ஜப்பான், கொரியா, சீனா, வியட்நாம், இந்தோனேசியா, ஐக்கிய அரபு அமீரகம் என நாட்டுக்கு ஓர் அரைநாளாகத் தமிழில் நடந்துவந்த ஆறு வகுப்புகளையும் நிறுத்திவிட்டீர்கள். அவற்றுக்குப் பதிலாக ‘ஆசிய வணிகப் பண்பாடு’ என்று ஒரே நாள் வகுப்பும் 24 பக்கக் கையேடும் அறிவித்திருக்கிறீர்கள். கையேட்டை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறோம். வகுப்பைச் சுருக்கியதைச் செலவுக் கணக்கு என்று பொறுத்துக்கொண்டிருப்போம். ஆனால் இந்தக் கையேட்டை நம்பி ஆர்டர் எடுக்கப் போகிறவருக்குக் கைக்காசு போகும். அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

முதல் ஒன்பது பக்கங்கள் மரியாதை பற்றியவை. விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடு, பெரியவர் உட்கார்ந்த பிறகு உட்கார், சபையில் குரலை உயர்த்தாதே. இதைத் தமிழர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. குனிந்து வணங்கத் தெரியாததால் பீண்யாவில் எந்தப் பட்டறையும் ஆர்டரை இழந்ததில்லை. ஆர்டர் போவது வரைபடத்தில், எஃகில், தேதியில், முத்திரையில், பெயர்க் கட்டத்தில். அவற்றுக்குக் கையேட்டில் ஒரு பத்தி கூட இல்லை.

10, 11-ஆம் பக்கங்களில் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்று, எந்த நாட்டில் தொழில் செய்வது எளிது என்ற உலக வங்கியின் தரவரிசை. இந்தியாவுக்கு 63-ஆம் இடம். அந்த அறிக்கையையே உலக வங்கி 2021 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. 2018, 2020 பதிப்புகளில் சீனா, சவூதி அரேபியா, அமீரகம், அஜர்பைஜான் ஆகிய நாடுகளின் தரவுகளில் முறைகேடு தெரியவந்த பிறகு நடந்தது அது. உங்கள் ஆறு நாடுகளில் இரண்டு அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. வெளியிட்டவரே கைவிட்ட கணக்கை நாம் எதற்குச் சுமக்க வேண்டும்?

மற்றது நெதர்லாந்து ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டீடின் பண்பாட்டு மதிப்பெண்கள். ‘தனிமனிதப் போக்கு’ என்ற தலைப்பில் இந்தியா 48, ஜப்பான் 46, கொரியா 18 என்று போட்டு, “ஜப்பானியர் நம்மைப் போன்றவர்களே” என்று அடியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். இந்த எண்களுக்கு அடித்தளம் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவனத்தின் ஊழியர்களிடம் நடத்திய கருத்துக் கேட்பு. ஒரே நிறுவனத்தின் அலுவலக ஊழியர்கள், அரை நூற்றாண்டுக்கு முந்திய பதில்கள், நாடு முழுவதற்கும் ஒரே எண். ஆய்வாளருக்கு அது பயன்படலாம். சிவாஜிநகர் மொத்த வியாபாரிக்கும் ஜிகணிப் பட்டறைக்காரருக்கும் குர்கான் மேலாளருக்கும் சேர்த்து 48 என்று போட்டுவிட்டு, அதை வைத்து விலை பேசச் சொல்லாதீர்கள்.

வகுப்பில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று இனிச் சொல்கிறோம்.

ஜப்பானிய வரைபடத்தில் தொடங்குவோம். நம் ஐடிஐகளிலும் டிப்ளமோவிலும் கற்றுக்கொடுப்பது முதற்கோண வீழல். சீனத் தரமும் அதுதான். ஜப்பானும் கொரியாவும் மூன்றாம் கோண வீழலில் வரைகின்றன. முதற்கோணத்தில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கம் வரும். மூன்றாம் கோணத்தில் இரண்டும் அதனதன் பக்கத்திலேயே இருக்கும். தலைப்புக் கட்டத்தில் வெட்டிய கூம்பும் இரட்டை வட்டமும் சேர்ந்த சின்னக் குறி ஒன்று உண்டு. அதைப் பார்க்காமல் புரோகிராம் போட்டால் சாவிப்பள்ளம் எதிர்ப்பக்கம் விழும். அளவெல்லாம் சரியாக இருக்கும், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டிலும் எல்லாம் பச்சையாக இருக்கும், பாகம் மட்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். 500 எண்ணிக்கையும் ஸ்கிராப்.

அடுத்தது எஃகு. வரைபடத்தில் எஸ்45சி என்று ஜப்பானிய எஃகு ரகம் இருக்கும். கடைக்காரர் “அது நம்ம ஈஎன்8 தான் சார்” என்பார். எஸ்45சியில் கார்பன் 0.42 முதல் 0.48 சதவீதம், ஈஎன்8-இல் 0.36 முதல் 0.44. லேத்தில் இரண்டும் ஒரே மாதிரி வெட்டும். இண்டக்‌ஷன் ஹார்டனிங்குக்குப் (மின்தூண்டலால் சூடேற்றி மேற்பரப்பைக் கடினமாக்குவது) போனால்தான் வித்தியாசம் தெரியும்: கார்பன் குறைந்த உருளையில் கேட்ட கடினம் வராது, வந்தாலும் பேட்சுக்குப் பேட்ச் மாறும். ஐரோப்பிய சி45, சீனத்து 45 எஃகு இரண்டும் எஸ்45சிக்கு நெருங்கியவை, ஈஎன்8 அவ்வளவு நெருக்கமில்லை. மாற்று போடுவதென்றால் எஃகு ஆலை தரும் சோதனைச் சான்றான மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கேட்காமல் போட்டு, பாகம் நன்றாகவே ஓடினாலும், அது அவர்கள் கண்ணில் குற்றம்தான்.

இங்கேதான் பண்பாடு வருகிறது, உங்கள் கையேடு தேடாத இடத்தில். ஆள், எந்திரம், மூலப்பொருள், செய்முறை என்ற நான்கில் எது மாறினாலும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது ஜப்பானிய வாடிக்கையாளரின் 4எம் விதி. ஹீட் ட்ரீட்மென்ட் ஜாப்வொர்க்கை ஒரு பட்டறையிலிருந்து அடுத்த தெருப் பட்டறைக்கு மாற்றுவதும் மாற்றம்தான். எந்திரத்தை ஷெட்டுக்குள்ளேயே பத்தடி நகர்த்தி வைப்பதும் மாற்றம்தான். நம் ஊரில் ‘வேலை நடந்தால் சரி’ என்று இதையெல்லாம் சொல்லாமல் செய்வோம், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவர்களோ பாகத்தோடு சேர்த்து அதைச் செய்த வழியையும் விலைகொடுத்து வாங்கியதாக நினைக்கிறார்கள். மாற்ற அறிவிப்புப் படிவம், ஒப்புதல், புதிய முறையில் செய்த முதல் லாட்டுக்குத் தனி அடையாளச் சீட்டு, அந்த லாட்டின் அளவு அறிக்கை: இந்த வரிசை தெரிந்தால் போதும். ‘நிச்சயமின்மையைத் தவிர்க்கும் போக்கு: 92’ என்று உங்கள் அட்டவணை சொல்வதன் பட்டறை அர்த்தம் இதுதான்.

எந்திரம் கட்டி அனுப்புகிற உறுப்பினர்களுக்கு மின்சாரம் பற்றிய பாடம் வேண்டும். ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ். நகோயா, ஒசாகா பக்கம் 60. எல்லை ஷிசுவோகாவின் ஃபுஜி ஆற்றை ஒட்டிப் போகிறது. ஆலைகளில் மும்முனை 200 வோல்ட். கொரியாவில் 380 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய மோட்டாரை அப்படியே அனுப்ப முடியாது. மின்னழுத்தத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் போட்டுச் சமாளித்தாலும் 60 ஹெர்ட்ஸில் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். புளோயர் என்றால் சுமை வேகத்தின் மும்மடிப்படி ஏறும், 1.2-க்கு 1.73 மடங்கு. மோட்டார் கருகியது என்று புகார் வரும்போது இங்கே காயில் சுற்றியவரைத் திட்டிப் பயனில்லை. விலைப்புள்ளி கொடுக்கும் முன் “எந்த ஊர் ஆலை?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

பணம் வரும் விதம். கையேட்டில் “ஆசிய வாடிக்கையாளர்கள் பொதுவாக 30 முதல் 60 நாளில் பணம் தருவார்கள்” என்று ஒரு வரி. ஜப்பானில் பரவலாக இருப்பது மாதக் கடைசியில் கணக்கை முடித்து அடுத்த மாதக் கடைசியில் பணம் போடும் வழக்கம். நாள் தொடங்குவது நம் இன்வாய்ஸ் தேதியில் அல்ல. அவர்கள் சரக்கைப் பரிசோதித்து ஏற்றுக்கொண்ட தேதியில். அதை கென்ஷூ என்பார்கள். மார்ச் 31-இல் ஏற்றால் ஏப்ரல் 30-இல் பணம். ஏப்ரல் 1-இல் ஏற்றால் மே 31. ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு மாத வட்டி. ஒயிட்ஃபீல்ட் உள்நாட்டுக் கன்டெய்னர் முனையத்திலிருந்து சென்னைத் துறைமுகம் போய், கப்பல் பிடித்து, அங்கே இறக்கிப் பரிசோதிக்கும் நாள் வரை பின்னோக்கி எண்ணித்தான் இங்கே டிஸ்பாட்ச் தேதி வைக்க வேண்டும். நம் வழக்கப்படி மாதக் கடைசி வாரத்தில் அவசரமாகப் பில் போட்டு அனுப்புவதால் ஒரு பைசா லாபமில்லை.

சீனாவில் நாம் பெரும்பாலும் வாங்குகிறவர்கள். 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சரக்கு ஏற்றும் முன். அந்த 70-ஐ அனுப்புவதற்கு முன்னால் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். அனுப்பிய பிறகு யார் பேச்சையும் யாரும் கேட்கப்போவதில்லை. மாதிரி எடுத்துப் பரிசோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 2859 அட்டவணைப்படி 1,201 முதல் 3,200 வரையான லாட்டுக்கு, சாதாரண இரண்டாம் நிலைப் பரிசோதனையில் 125 எடுத்துப் பார்ப்பார்கள். ஏக்யூஎல் (ஏற்கத்தக்க பழுது வரம்பு) 2.5 என்றால் 7 பழுது வரை ஏற்பு, 8 என்றால் லாட் திருப்பம். இதை ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் ‘நல்ல தரம்’ என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம்.

அதற்கும் முன்னால் விற்கிறவர் யார் என்று பார்க்க வேண்டும். சீன நிறுவனத்தின் சட்டப் பெயர் சீன எழுத்தில் இருப்பது மட்டுமே. பளபளப்பான ஆங்கிலப் பெயருக்கு நிறுவனப் பதிவேட்டில் இடமில்லை. உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதில் 18 இலக்க ஒருங்கிணைந்த சமூகக் கடன் குறியீடு இருக்கும். அரசின் நிறுவனத் தகவல் இணையதளத்தில் அதைப் போட்டால் சட்டப் பிரதிநிதி யார், நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்தைவிட வட்டச் சிவப்பு முத்திரைக்குத்தான் மதிப்பு. முத்திரையில் உள்ள பெயர், உரிமத்தில் உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். “எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாமல் பழைய எண்ணில் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இந்த ஒரு பத்தியைக் கையேட்டில் போட்டிருந்தால் மீதி 23 பக்கத்தையும் மன்னித்திருப்போம்.

‘ஆம்’, ‘இல்லை’ பற்றிக் கையேடு சொல்வது: “ஆசியர்கள் நேராக மறுக்க மாட்டார்கள்.” நாம் யாராம்? “பார்க்கலாம்”, “பார்த்துச் செய்யலாம்”, “சொல்லி அனுப்புறேன்” இந்த மூன்றுக்கும் உள்ள இடைவெளி தமிழனுக்குத் தெரியாதா? அங்கிருந்து தொடங்கினால் பாடம் ஐந்து நிமிடத்தில் ஏறும். ஜப்பானியர் சொல்லும் ‘கென்டோ ஷிமாஸ்’ (பரிசீலிக்கிறோம்) பெரும்பாலும் நம் “பார்க்கலாம்”. ஆனால் இந்தோனேசியரின் ‘பெலும்’ அந்த ரகம் இல்லை. அதற்கு ‘இன்னும் இல்லை’ என்று பொருள், கதவு திறந்தே இருக்கிறது. “கல்யாணம் ஆகிவிட்டதா?” என்று கேட்டால்கூட, ஆகாதவர் ‘பெலும்’ என்றுதான் சொல்வார். இரண்டையும் ‘மறைமுக மறுப்பு’ என்று ஒரே கட்டத்தில் போட்டால், ஓரிடத்தில் வீணாகக் காத்திருப்போம், இன்னோரிடத்தில் வரவேண்டிய ஆர்டரை விட்டு எழுந்து வந்துவிடுவோம்.

ஜப்பானில் கூட்டம் என்பது முடிவை அறிவிக்கும் இடம். முடிவு அதற்கு முன்பே கொள்முதல், தரம், உற்பத்தி என்று துறை துறையாகத் தனித்தனிப் பேச்சில் உருவாகி, ரிங்கி என்ற சுற்றுத்தாளில் ஒப்புதல் பெற்றிருக்கும். அந்த முன்பேச்சை நெமாவாஷி என்பார்கள். மரத்தைப் பெயர்த்து நடுவதற்கு முன் வேரைச் சுற்றித் தோண்டிப் பதப்படுத்துவது என்று பொருள். ஆகவே விலையையும் மாதிரியையும் ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு துறைக்கும் அவரவர் கேள்விக்கேற்ற பதிலோடு அனுப்ப வேண்டும். கூட்டத்தில் திடீரென்று விலையைக் குறைத்துக் காட்டினால் மகிழ மாட்டார்கள். முதலில் சொன்ன விலை பொய்யா என்று யோசிப்பார்கள். கொரியாவில் இது வேறு. மேலிடம் முடிவெடுத்தால் வேலை மறுநாளே பாயும். ஒப்பந்தத்தில் தரப்பினரைக் ‘கப்’, ‘உல்’ என்று குறிப்பார்கள். அந்தச் சொற்களே மேல்கை, கீழ்கை என்ற பொருளில் பேச்சு வழக்கில் புழங்குகின்றன. சரக்குக் கொடுக்கிறவர் கீழ்கை. பதவிப் பெயரோடு ‘நிம்’ சேர்த்து அழைப்பது அங்கே அலங்காரமல்ல. ஜப்பானுக்குப் பொருந்தும் பொறுமையைக் கொரியாவில் காட்டினால் அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

பெயர் விஷயத்தில் நம்மைவிட நல்ல மாணவர் கிடைக்க மாட்டார். இனிஷியலும் பெயரும் மட்டும் வைத்துக்கொண்டு, ‘சர்நேம்’ கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒவ்வொரு படிவத்திலும் திண்டாடுகிற கூட்டம் நாம். ஜாவாவில் ஒற்றைப் பெயர்க்காரர்கள் ஏராளம். சுகர்ணோ, சுகார்த்தோ இருவரும் அப்படித்தான். படிவத்துக்காக நாமே ஒரு குடும்பப் பெயரை இட்டுக்கட்டி எழுதினால், வங்கியின் கடன்கடிதத்தில் (எல்.சி.) ஒரு பெயர், இன்வாய்ஸில் ஒரு பெயர் என்று வங்கி திருப்பி அனுப்பும். வியட்நாமில் குடும்பப் பெயர் முன்னால் வரும், ஆனால் கூப்பிடுவது கடைசிப் பெயரால். “மிஸ்டர் நுயென்” என்றால் பாதி அலுவலகம் திரும்பிப் பார்க்கும். அதோடு வயதுக்கேற்ப அண்ணன் என்றால் ‘அஞ்’, அக்கா என்றால் ‘சி’ என்று உறவுமுறை வைத்துத்தான் பேச வேண்டும். சந்தித்த உடனே வயதைக் கேட்பார்கள். வம்பளக்க அல்ல, எப்படி அழைப்பது என்று தெரிந்துகொள்ள. அண்ணாச்சி என்றும் அக்கா என்றும் கடைத்தெருவில் வளர்ந்தவருக்கு இதைவிடச் சுலபமான பாடம் உண்டா? கையேடோ “வயதைக் கேட்பது ஆசியாவில் அநாகரிகம்” என்கிறது. அமீரகப் பயணத்துக்கும் இது பொருந்தும்: 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதிக்க முடியாது என்று அந்நாடு அறிவித்தது. பிறகு கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்றார்கள். நம் உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு இது விமான நிலைய வாசலில் தெரியவர வேண்டும்?

நாட்காட்டி. “ஆசியப் புத்தாண்டு: சனவரி–பிப்ரவரி” என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். ஜப்பான் 1873-லேயே சனவரி 1-க்கு மாறிவிட்டது. அங்கே கவனிக்க வேண்டியது ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான விடுமுறை வாரம், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன், ஆண்டிறுதி. சீனப் புத்தாண்டான வசந்த விழா சனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் நகரும். அறிவித்த விடுமுறை சுமார் ஒரு வாரம்தான், ஆனால் வெளியூர்த் தொழிலாளர்கள் பத்து நாள் முன்பே கிளம்பிவிடுவார்கள், திரும்பும்போது சிலர் வேறு ஆலைக்குப் போயிருப்பார்கள். விழாவுக்கு முந்தின வார அவசர உற்பத்தியிலும் பிந்தின புது ஆட்கள் உற்பத்தியிலும்தான் பழுது அதிகம். வியட்நாமின் புத்தாண்டான ‘தெத்’, கொரியாவின் ‘சொல்லால்’ இரண்டும் ஏறக்குறைய அதே நாள். இந்தோனேசியாவில் பெருவிடுமுறை நோன்புப் பெருநாளுக்கு. அது ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னதாக வரும், அந்த நாட்களில் சுங்கச்சாலைகளில் கனரக லாரிகளுக்குத் தடை இருக்கும், பெருநாளுக்கு ஏழு நாள் முன்பே ஊழியருக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸாகப் போயாக வேண்டும். உங்கள் வாடிக்கையாளரின் கையில் அந்த மாதம் பணம் இருக்காது. அமீரகத்தில் வாரவிடுமுறை வெள்ளி, சனி என்று அச்சிட்டிருப்பது 2022 சனவரி 1-ஓடு காலாவதியான தகவல். இப்போது சனி, ஞாயிறு, வெள்ளி அரைநாள். ஷார்ஜாவில் மட்டும் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள். வெள்ளி, சனி விடுமுறை சவூதி போன்ற நாடுகளுக்குத்தான் பொருந்தும்.

எண்கள் பற்றிச் சுருக்கமாக. இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு; புள்ளி அங்கே ஆயிரத்தைப் பிரிக்கும், தசமத்துக்கு காற்புள்ளி. ஜப்பான், சீனா, கொரியாவில் பெருந்தொகையைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவார்கள். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து ‘பத்தாயிரம்’. அவர்களின் ‘ஒகு’ நமக்குப் பத்துக் கோடி. வாய்ப்பேச்சில் விலை முடிக்கக் கூடாது, இலக்கத்தில் எழுதிக் காட்டி முடிக்க வேண்டும்.

சட்டத்துக்குக் கையேட்டில் அரைப் பக்கம், அதிலும் துபாய் பற்றிய வரி தவறு. காசோலை திரும்பினால் சிறை என்று சொல்லி, அதை நம்பிக் கடன் கொடுக்கச் சொல்கிறீர்கள். 2022 சனவரியிலிருந்து, கணக்கில் பணம் இல்லாமல் காசோலை திரும்புவது அங்கே பெரும்பாலும் குற்றவியல் வழக்காகாது. மோசடி நோக்கம் இருந்தால்தான் ஆகும். மற்றவை நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகும். இந்தோனேசியத் தரப்போடு போடும் ஒப்பந்தம் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒரு கடன் ஒப்பந்தத்தை 2013-இல் மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் செல்லாது என்றது, 2015-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கெட்ட எண்ணம் நிரூபணமானால்தான் ரத்து என்று பின்னால் தளர்த்தியிருக்கிறார்கள். இருந்தாலும் இருமொழி ஒப்பந்தத்துக்கு ஆகும் மொழிபெயர்ப்புச் செலவு, வழக்குச் செலவுக்கு உறைபோடக் காணாது. சிங்கப்பூர், மலேசியா, அமீரக நீதிமன்றத் தீர்ப்புகளை நம் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின் கீழ் இங்கே நேரடியாக நிறைவேற்றலாம். ஜப்பான், கொரியா, சீனத் தீர்ப்புகளுக்கு அந்த வசதி இல்லை, இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். ‘ஆசிய நாடுகளுக்கான மாதிரி ஒப்பந்தம்’ என்று பின்னிணைப்பில் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதில் எந்த நாட்டு நீதிமன்றம் என்ற கட்டமே இல்லை.

பொருளாதாரப் பகுதியில் நாடுகளின் மக்கள்தொகையும் தலைநகரமும் இருக்கின்றன. விலை பேசப் போகிறவருக்கு வேண்டியது வேறு. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் நம் சரக்கு வரிச்சலுகை ஒப்பந்தமும் கொரிய ஒப்பந்தமும் 2010 சனவரி 1 முதல், ஜப்பானுடையது 2011 ஆகஸ்ட் 1 முதல், அமீரகத்துடையது 2022 மே 1 முதல் நடப்பில் உள்ளன. முதல் மூன்றிலும் பொது விதி ஏறக்குறைய ஒன்றே: 35 சதவீத மதிப்பு உள்நாட்டில் சேர வேண்டும், சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் ஆறு இலக்க எச்.எஸ். குறியீடு மாற வேண்டும். ஆனால் ஆசியான், சீனா, ஜப்பான், கொரியா உள்ளிட்ட நாடுகளின் வட்டார வணிக ஒப்பந்தமான ஆர்செப்பிலிருந்து 2019 நவம்பரில் நாம் விலகினோம், 2022 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வியட்நாம்காரர் சீன பேரிங்கைப் போட்டுச் செய்த பொருளை ஜப்பானுக்கு அனுப்பும்போது அந்த பேரிங்கும் கூட்டமைப்பு மதிப்பாகவே கணக்கில் சேரும். நமக்கு அதே பேரிங் அயல்சரக்கு. “வியட்நாம் எப்படி இவ்வளவு குறைவாகக் கொடுக்கிறான்?” என்ற கேள்விக்குக் கூலி மட்டுமே பதிலல்ல.

இறக்குமதியில் இதன் மறுபக்கம் இருக்கிறது. சலுகை வரி கேட்டால், 2020 செப்டம்பர் 21 முதல் உள்ள காரோட்டார் என்ற இந்தியச் சுங்க விதிப்படி அந்தப் பொருள் எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்தாண்டு பாதுகாக்கவும் வேண்டும். ‘விற்றவர் கொடுத்த சான்றிதழ் இருக்கிறது’ என்பது இனிப் பதிலாகாது. சீனப் பெட்டியைப் பிரித்து மலேசியாவில் வேறு பெட்டிக்கு மாற்றிய சரக்கு இங்கே மாட்டினால் வரி, வட்டி, அபராதம் எல்லாம் நம் தலையில்.

திடீர்த் தடைகளையும் நாடுவாரியாகத்தான் சொல்ல முடியும். 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. உள்நாட்டு எண்ணெய் விலை ஏறியதே காரணம். 2025 ஏப்ரல் 4-இல் சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் உரிமம் கட்டாயமாக்கியது. இறுதிப் பயனர் உறுதிச்சான்று இல்லாமல் மோட்டார் காந்தம் வரவில்லை. ஒன்று சமையலறை அரசியல், மற்றது உலக அரசியல். முன்னதில் சில வாரம் பொறுத்தால் போதும், பின்னதற்கு மோட்டார் வடிவமைப்பையே மாற்ற யோசிக்க வேண்டும்.

வருகை குறைவு என்பது நீங்கள் சொன்ன காரணம். வகுப்புகள் சனிக்கிழமை காலையில் நடந்தன. பீண்யாவில் அது டிஸ்பாட்ச் நாள், பல பட்டறைகளில் கூலி நாளும் அதுதான். முதலாளியும் வர முடியாது, ஆவணம் பார்ப்பவரும் வர முடியாது. நாளை மாற்றிப் பார்க்காமல் பாடத்தையே கலைத்துவிட்டீர்கள்.

நாங்கள் கேட்பவை இவை.

கையேட்டின் 10, 11-ஆம் பக்கங்களையும், அமீரக வாரவிடுமுறை, காசோலை பற்றிய வரிகளையும், பின்னிணைப்பு ஒப்பந்தத்தையும் உடனே விலக்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கிச் சென்றவர்களுக்குத் திருத்தத் தாள் அனுப்புங்கள். இதற்குக் குழு ஒப்புதல் எதுவும் தேவையில்லை, இந்த வாரமே செய்யலாம்.

ஒருநாள் வகுப்பை ரத்து செய்து நாடுவாரி வகுப்புகளை மீண்டும் தொடங்குங்கள், ஞாயிறு காலையில். ஜப்பானுக்கும் சீனாவுக்கும் இரண்டு அரைநாள் வேண்டும். மற்ற நான்குக்கும் ஒவ்வொன்று போதும். பேச்சுத்திறன் பயிற்சியாளர்களுக்குப் பதிலாகத் தர ஆய்வாளர், சுங்கத் தரகர், வங்கியின் அயல்வணிகப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் ஆகியோரை அழையுங்கள். எங்களில் பலர் சம்பளம் இல்லாமல் வந்து எடுக்கத் தயார். மேசையில் ஸ்லைடு வேண்டாம். பெயர் மறைத்த உண்மையான வரைபடம், புரோஃபார்மா (முன்விலைப் பட்டியல்), சீன உரிம நகல், கடன்கடிதம் இருக்கட்டும்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பருக்குள் ஆறு நாட்டு விடுமுறைகளையும் சரக்கு ஏற்ற வேண்டிய கடைசித் தேதிகளையும் ஒரே தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டத் தாருங்கள். உணவுப் பொருள் அனுப்பும் உறுப்பினர்களுக்காக, இறக்குமதி உணவுக்கு இந்தோனேசியா வைத்துள்ள ஹலால் சான்றுக் கெடுவான 2026 அக்டோபர் 17-ஐயும் அதில் போடுங்கள்.

உறுப்பினர்களுக்கு நேர்ந்த நஷ்டங்களைப் பெயர் சொல்லாமல் பதிவதற்குச் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வையுங்கள். எந்த நாடு, எந்த ஆவணம், எங்கே பிசகியது, எவ்வளவு போனது என்ற நான்கு கட்டங்கள் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எல்லாருக்கும் அனுப்புங்கள்.

இந்த மடலை அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்பா மறுப்பா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். “பார்க்கலாம்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.